இரண்டாவது ஹெல்மெட்

வீட்டில் மோட்டார் சைக்கிள் நிற்கிற எல்லாருக்கும் இந்தப் பொருளைத் தெரியும். ஓடுகிறவருக்கென்று ஒரு ஹெல்மெட் இருக்கும். கண்ணாடியில் கீறல் விழாமல் துடைத்து, கொஞ்சம் ஸ்டைலாக, சில நேரம் பைக்கின் நிறத்துக்குப் பொருத்தமாகவும் இருக்கும். அதுக்குப் பக்கத்தில் இன்னொன்று தொங்கும். அதில் முன்கண்ணாடி இல்லை. பட்டி இருக்கும், பூட்டு உடைஞ்சு போய் முடிச்சுப் போட்டு வைத்திருப்பார்கள். உள்துணி கழன்று பழைய வியர்வை மணக்கும். யாருடைய தலைக்கும் அது அளவில்லை, ஆனால் எல்லாருடைய தலைக்கும் அதுதான். பின்னால் ஏறுகிறவரிடம் அதை நீட்டி, "சும்மா போட்டுக்கொண்டு இருங்கோ, சந்தியில பொலிஸ் நிப்பான்" என்பார்கள்.

இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது ஹெல்மெட்டையும் அதைப் போடுகிற ஆளையும் பற்றியது.

வீதிப் பாதுகாப்பு என்று எங்களுக்குச் சொல்லப்படுகிற எல்லாமே ஹாண்டிலைப் பிடித்திருக்கிறவருக்குத்தான் சொல்லப்படுகிறது. வேகமா ஓடாத, குடிச்சிட்டு ஓடாத, போன் கதைச்சுக்கொண்டு ஓடாத. பாடசாலைக் கருத்தரங்கில், பொலிஸின் பதாகையில், அம்மாவின் வாயில், எங்கும் இதுதான். நல்ல அறிவுரைதான், குறை சொல்லவில்லை. ஆனால் எங்களில் கனபேர் ஓடுகிற ஆக்கள் இல்லை, ஏறி இருக்கிற ஆக்கள். கம்பஸிலிருந்து பஸ் எடுக்கிற இடம் மட்டும், ரியூசனிலிருந்து வீடு மட்டும், கலியாண வீட்டிலிருந்து ஒழுங்கை வாசல் மட்டும் யாரோ ஒருவரின் பின்னால் ஏறிப் போகிறோம். பின்னுக்கு இருக்கிறவருக்கு ஒரு தலை இருக்கு, ஒரு வாயும் இருக்கு. எங்கட ஊரில் இரண்டையும் ஒருத்தரும் கணக்கில் எடுப்பதில்லை, ஏறி இருக்கிறவர் உட்பட.

இலங்கையில் பதிவான வாகனங்களில் அரைவாசிக்கும் மேல் மோட்டார் சைக்கிள்கள். ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வீதி விபத்துகளில் சாகிறார்கள். அதில் பெரிய பங்கு மோட்டார் சைக்கிளில் போனவர்களும் நடந்து போனவர்களும்தான். பத்திரிகைச் செய்தியின் அமைப்பு உங்களுக்கும் பாடம்: வேகக்கட்டுப்பாட்டை இழந்தது, மதிலோடு மோதியது, ஓட்டிச் சென்றவர் பலி, பின்னால் இருந்தவர் படுகாயம். அந்த இரண்டாவது ஆளுக்குக் கிடைக்கிறது அரை வசனம். அவர் பிறகு என்ன ஆனார் என்று அடுத்த நாள் பார்த்தால் இருக்காது.

எங்களிடம் இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் சைக்கிளில் போய் முடியும். தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வரத் தடை. மண்ணெண்ணெயில் இருமி இருமி ஓடிய சில பைக்குகளைத் தவிர ஊரே சைக்கிளில்தான் ஓடியது. அம்மா அப்பாவின் காலத்து டபிள் என்றால் சைக்கிள் டபிள். கரியரில் ஒருபக்கமாக இருந்து கதைத்துக்கொண்டு போவது, முன்பாரில் பிள்ளையை ஏற்றுவது, சந்தியில் ஆள் கண்டால் ஓடஓடவே இறங்குவது. 2009க்குப் பிறகு ஏ9 திறந்து, காபெற் வீதி போட்டு, லீசிங் கடைகள் வந்து, வீட்டுக்கு வீடு பைக் வந்தது. ஏ.எல். பாஸ் பண்ணினால் பைக் எடுத்துத் தாறன் என்று வெளிநாட்டு மாமாமார் வாக்குக் கொடுத்தார்கள். வண்டி மாறியது, இருக்கிற விதம் மாறவில்லை. அதே ஒருபக்க இருக்கை, அதே முன்பிள்ளை, அதே வெறுந்தலை. சைக்கிள் மணிக்கு 12 கிலோமீற்றரில் போனது என்றால் பைக் 60இல் போகிறது. வேகம் ஐந்து மடங்கு. ஆனால் மோதும்போது உடம்பு தாங்க வேண்டிய சக்தி வேகத்தின் வர்க்கத்தோடு கூடும், அதாவது இருபத்தைந்து மடங்கு. நான் கலைப்பீடம்தான், இருந்தாலும் இந்தக் கணக்கு ஓ.எல். விஞ்ஞானப் புத்தகத்திலேயே இருக்கிறது.

சரி, "ஒழுங்கைக்குள்ளதானே, மெதுவாத்தானே போறம், ஹெல்மெட் என்னத்துக்கு" என்று கேட்கிறவர்களுக்கு இன்னொரு சின்னக் கணக்கு. பைக்கில் இருக்கும்போது தலை நிலத்திலிருந்து ஏறக்குறைய ஒன்றரை மீற்றர் உயரத்தில் இருக்கும். நிற்கிற பைக்கிலிருந்து சரிந்து விழுந்தாலே தலை நிலத்தைத் தொடும்போது மணிக்கு 19, 20 கிலோமீற்றர் வேகம் வந்துவிடும். கொங்கிரீற் ஒழுங்கையில் அந்த வேகம் காணும். பைக் ஓடியிருக்கவே தேவையில்லை.

ஹெல்மெட்டின் வெளி ஓட்டைப் பார்த்துத்தான் நாங்கள் வாங்குகிறோம். வேலை செய்வது உள்ளுக்கு இருக்கிற ரிஜிபோம் மாதிரியான படை. தலை அடிபடும்போது அது நசுங்கி, மூளைக்குப் போக வேண்டிய அடியைத் தான் வாங்கிக்கொள்ளும். ஒருமுறை நசுங்கினால் திரும்ப எழும்பாது, அதன் வேலை முடிந்தது. ஏற்கனவே ஒருமுறை விழுந்த ஹெல்மெட்டைத்தான் "இது பழசு, பின்னுக்கு இருக்கிற ஆளுக்குக் காணும்" என்று எடுத்து வைக்கிறோம். பட்டி பூட்டாத ஹெல்மெட் இன்னும் மோசம். விழும்போது தலைக்கு முதல் அதுதான் வீதியில் உருண்டு போகும். 2008இல் வெளியான கொக்ரேன் மீளாய்வு, உலகின் பல இடங்களில் செய்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, ஹெல்மெட் மரண ஆபத்தைச் சுமார் 42 சதவீதமும் தலைக்காய ஆபத்தைச் சுமார் 69 சதவீதமும் குறைக்கிறது என்றது. அதெல்லாம் ஒழுங்கான ஹெல்மெட்டைப் பற்றிய கணக்கு. முடிச்சுப் போட்ட பட்டிக்கு யாரும் சதவீதம் கணக்கிட்டதாக நான் வாசிக்கவில்லை.

பின்னுக்கு இருப்பதற்கென்று தனியான ஆபத்துகளும் இருக்கு. ஓடுகிறவர் பள்ளத்தைக் கண்டு முழங்காலை இறுக்குவார், ஹாண்டிலைப் பிடிப்பார். பின்னுக்கு இருக்கிறவருக்குப் பள்ளம் வந்த பிறகுதான் தெரியும். ஒருபக்கமாக இருந்தால் பிடிக்க ஒரு கை, ஊன்ற ஒரு கால். மற்றக் கையில் பை, சில நேரம் பிள்ளை. சோலும் சாறித் தலைப்பும் பின்சில்லுக்குள் போய் ஆளையே இழுத்து விழுத்துகிற கதை எல்லா ஊரிலும் ஒன்று இரண்டு இருக்கும். இந்தியாவிலிருந்து வருகிற பைக்குகளில் பின்சில்லுக்குப் பக்கத்தில் ஒரு கம்பித் தடுப்புப் பூட்டியிருப்பது அதுக்காகத்தான். எங்கட பெடியள் முதல் வேலையாக அதைக் கழற்றிவிடுவார்கள், வடிவில்லையாம்.

இதில் ஆசிரியைமாரை நினைக்க வேண்டும். காலையில் ஏழு மணிக்கு எந்த உள்வீதியில் நின்று பார்த்தாலும் சாறி கட்டி, ஒருபக்கமாக இருந்து, மடியில் கொப்பிக்கட்டோடு போகிற ரீச்சர்மாரைக் காணலாம். சாறி கட்டத்தான் வேணும் என்பதை ஒழுக்கத்தின் பிரச்சினையாகவே எல்லாரும் கதைக்கிறார்கள். அது வீதிப் பாதுகாப்பின் பிரச்சினையும்தான். கால் இரண்டு பக்கமும் போட்டு இருக்கேலாத உடுப்பை ஒரு வேலைக்குக் கட்டாயம் என்று வைத்துவிட்டு, அந்த வேலைக்குப் போக ஒழுங்கான பஸ்ஸும் விடாவிட்டால், ஒவ்வொரு நாளும் அவர்களை எதில் ஏற்றி அனுப்புகிறோம்?

இரவு நேரம் இன்னொரு கதை. பின்னுக்கு ஆள் ஏறினால் பைக்கின் பின்பக்கம் பதியும், முன்பக்கம் கிளம்பும். ஹெட்லைற் வெளிச்சமும் மேலே கிளம்பும். எதிரில் வருகிறவனுக்குக் கண் கூசும், எங்களுக்கு முன்னுக்குக் கிட்ட இருப்பது தெரியாது. எங்கட வீதிகளில் முன்னுக்குக் கிட்ட என்னென்ன இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. கட்டாக்காலி மாடு படுத்திருக்கும், பின்லைற் இல்லாத உழவு இயந்திரம் நெல்லோடு ஊரும், நிறுத்தி வைத்த டிப்பர் நிற்கும். சிறுபோகம் பெரும்போகம் அறுவடை நேரம் வீதியின் அரைவாசியில் நெல் காயும். வெறுங்காலால் அதில் நடந்தாலே வழுக்கும். வன்னிப் பக்கத்து நேர் வீதியில் வெளிச்சமும் இல்லை, வளைவும் இல்லை, ஆளுக்குத் தன்ர வேகம் தெரியாது. 50இல் போகும்போது ஆபத்தைக் கண்டு பிறேக் பிடிக்க ஒரு செக்கன் எடுத்தால், நல்ல காய்ந்த வீதியில் நிற்பதற்கு முதல் ஏறக்குறைய 30 மீற்றர் போயிருப்போம். 70இல் 50 மீற்றர். 100இல் 90 மீற்றருக்கும் மேல். மாடு தெரிவது எத்தனை மீற்றரில்? சட்டம் ஊர்மனைக்குள் 50, வெளியில் 70 என்று சும்மா வைக்கவில்லை.

பெரியம்மாவின் மகள், எனக்கு அக்கா முறை. மூன்று வருசத்துக்கு முதல் ஒரு கலியாண வீட்டிலிருந்து இரவு எட்டரைக்கு வீட்டுக்கு வந்தாள். முறைக்கு மச்சான் ஒருவன் "ஏறுங்கோ, நான் விடுறன்" என்றான். அவன் ஹெல்மெட் போட்டிருந்தான். அவளின் தலையில் பூ இருந்தது, கொண்டை குலையும் என்று ஹெல்மெட்டைக் கையில் கொழுவிக்கொண்டு இருந்திருக்கிறாள். நாய் ஒன்று குறுக்கே வந்தது. அவனுக்கு முழங்கை உரஞ்சினது, கை நரம்பு பிரண்டது. அவளுக்குப் பின்மண்டை. பதினொரு நாள் நினைவில்லாமல் கிடந்தாள், பிறகு எழும்பினாள், நடந்தாள், எல்லாரும் கோயிலில் பொங்கினோம்.

கதை அதோடு முடிந்ததாகத்தான் ஊர் நினைக்குது. அக்கா கணக்கியலில் கெட்டிக்காரி. இப்ப கடையில் மிச்சக்காசு எண்ணும்போது இரண்டாம் தரம் எண்ணுகிறாள், மூன்றாம் தரமும் எண்ணுகிறாள். கதைத்துக்கொண்டிருக்கும்போது ஒரு சொல் வராமல் நிற்பாள், நாங்கள் எடுத்துக் கொடுத்தால் கோபம் வரும், எடுத்துக் கொடுக்காவிட்டாலும் கோபம் வரும். மணம் தெரியாது. அடுப்பில் கறி அடிப்பிடிச்சால் புகை கண்ட பிறகுதான் ஓடி வருவாள். கலியாணம் பேசிக்கொண்டு வந்த இரண்டு இடம் "தலையில அடிபட்ட பிள்ளையாம்" என்று திரும்பிப் போனது. அந்த மச்சானை நாங்கள் யாரும் ஏசவில்லை. அவனும் பாவம், உதவி செய்யத்தான் வந்தான். நாய்க்கும் சட்டம் தெரியாது.

நான் அவளிடம் ஒருமுறை கேட்டேன், அவன் கெதியாப் போனவனோ என்று. "ஓம், கொஞ்சம் கெதிதான்" என்றாள். மெதுவாப் போகச் சொல்லவில்லையா என்று கேட்டதுக்கு அவள் சொன்னது: "எனக்கு உதவி செய்து கொண்டு போய் விடுறான், நான் எப்பிடி அவனுக்குச் சொல்லுறது? வெக்கமா இருந்தது."

இந்த வெக்கத்தைப் பற்றித்தான் நான் எழுத வந்தேன். லிஃப்ட் தந்தவனுக்கு அறிவுரை சொல்வது மரியாதை இல்லை. அண்ணாவுக்குச் சொன்னால் "நீ ஓடுறியா அப்ப?" என்பான். பெடியளுக்குள் சொன்னால் பயந்தாங்கொள்ளி, அந்தப் பட்டம் பட்டமளிப்பு விழா மட்டும் வரும். காதலிக்கிறவனுக்குப் பின்னால் இருக்கிற பிள்ளைக்கு வேகம் பயமாகத்தான் இருக்கும், ஆனால் அந்தப் பயம் அவனுக்கு ஒரு சந்தோசம் என்று அவளுக்கும் தெரியும், இன்னும் இறுக்கிப் பிடிப்பாள். அவன் இன்னும் முறுக்குவான். பக்கத்தில் ஒத்த வயதுக் கூட்டாளி இருந்தால் இளம் சாரதிகளின் விபத்து ஆபத்து கூடுகிறது என்று வெளிநாடுகளில் கார்களை வைத்துச் செய்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எங்களுக்கு ஆய்வு தேவையில்லை, ரிக்ரொக்கைத் திறந்தால் காணும். ஒற்றைச் சில்லில் கிளப்புகிற வீடியோவை எடுத்தது யார்? பாதி வீடியோ பின்சீற்றில் இருந்து எடுத்தது. ஓடுகிறவன் தனியாகப் போனால் அந்த வேகத்தில் போகமாட்டான், பார்க்க ஆள் இல்லை. பார்வையாளர் ஏறி இருக்கிறதால்தான் நாடகம். அப்படியென்றால் பார்வையாளருக்கு ஒரு பலமும் இருக்கு. அவர் "எனக்கு இது பிடிக்கேல்லை, நிப்பாட்டு, இறங்குறன்" என்று ஒருமுறை சொன்னால் அதுக்கு இருக்கிற மதிப்பு பொலிஸின் நூறு பதாகைக்கு இல்லை.

பொலிஸைப் பற்றியும் ஒரு சொல். பின்னுக்கு இருக்கிறவரும் ஹெல்மெட் போடவேண்டும் என்பது சட்டம். சட்டத்தை நாங்கள் விளங்கிக்கொண்ட விதம் "பொலிஸ் நிக்கிற சந்திக்குப் போடோணும்" என்பது. சந்திக்கு 100 மீற்றர் முன்னால் மடியிலிருந்து தலைக்கு ஏறும், தாண்டினதும் இறங்கும். இதுக்கு எங்களை மட்டும் ஏசிப் பயனில்லை. ஹெல்மெட்டைத் தலைக்கான சாமானாக அரசும் எங்களுக்குக் காட்டவில்லை. 2015இல் குற்றச்செயல்களைக் காரணம் காட்டி முழுமுக ஹெல்மெட்டைத் தடைசெய்யப் பொலிஸ் புறப்பட்டது. நாடியையும் முகத்தையும் காப்பாற்றுகிற ஒரே வகையைத்தான் தடைசெய்யப் பார்த்தார்கள். மோட்டார் சைக்கிள் ஓட்டுநர்கள் எதிர்ப்புத் தெரிவித்து, விசயம் நீதிமன்றம் வரை போனது. முகம் மறைக்கிறவனைப் பிடிப்பது முக்கியம்தான். ஆனால் ஹெல்மெட் என்ற சொல்லோடு சேர்ந்து எங்கட மனதில் வருவது தலை இல்லை, பொலிஸ்தான் என்பதுக்கு இப்படியான கதைகளும் காரணம்.

பள்ளிக்கூடம் விடுகிற நேரம் இதையும் பாருங்கள். அப்பா ஹெல்மெட் போட்டிருப்பார். முன்னுக்கு ஒரு வெள்ளைச் சட்டை, பின்னுக்கு ஒரு வெள்ளைச் சட்டை, இரண்டு வெறுந்தலை. சட்டம் பிடிக்கக்கூடிய தலை மட்டும் மூடியிருக்கும். சின்னப் பிள்ளைக்கு அளவான ஹெல்மெட் ஊர்க்கடையில் தேடினால் கிடைப்பது வலுகஷ்டம் என்பதையும் சொல்லத்தான் வேணும். கேட்கிற ஆள் இல்லாததால் கடைக்காரர் எடுக்கிறதில்லை, கடையில் இல்லாததால் யாரும் கேட்கிறதில்லை.

காசு ஒரு பிரச்சினை, மறுக்கவில்லை. 2020க்குப் பிறகு இறக்குமதித் தடையில் பைக்கின் விலை எங்கேயோ போனது, அதோடு சேர்த்து எல்லாம் ஏறினது. ஆனால் லட்சக்கணக்கில் லீசிங் போட்டு பைக் எடுத்து, அலங்கார ஸ்ரிக்கருக்கும் சைலன்சர் மாற்றுகிறதுக்கும் காசு கண்டுபிடிக்கிற வீட்டில், எஸ்.எல்.எஸ். முத்திரையுள்ள இரண்டாவது ஹெல்மெட்டுக்கு மட்டும் காசு இல்லை என்றால் எனக்கு நம்பக் கஷ்டம். லீசிங் குடுக்கிறவர்கள் காப்புறுதியைக் கட்டாயமாகச் சேர்க்கிற மாதிரி இரண்டு ஹெல்மெட்டின் விலையையும் தவணைக்குள் சேர்த்துவிட்டால் யாருக்கும் வலிக்காது. அதுவரைக்கும் வீட்டில் ஒரு நல்ல ஹெல்மெட்தான் இருக்கென்றால், அதைப் பின்னுக்கு இருக்கிறவருக்குக் கொடுத்துவிட்டு ஓடுகிறவர் மற்றதைப் போடட்டும். ஒரு கிழமைக்குள் புதுசு வந்துவிடும், பாருங்கள்.

நாங்கள் கூட்டாளிகளுக்குள் ஒரு ஒழுங்கு வைத்திருக்கிறோம். பின்னுக்கு இருக்கிற ஆள் முதுகில் இரண்டு தட்டுத் தட்டினால் வேகம் குறைக்க வேணும். ஏன் எதுக்கு என்று கேட்கக்கூடாது, பிறகு அதை வைத்து நக்கலடிக்கவும் கூடாது. காற்றுச் சத்தத்தில் கத்தத் தேவையில்லை, வெக்கப்படவும் தேவையில்லை. குடித்த ஆளின் பின்னால் ஏறுகிறதில்லை, அது அண்ணாவாக இருந்தாலும். இரவென்றால் ஓட்டோவுக்குக் காசு சேர்த்துப் போடுவோம். ஏறுகிறதுக்கு முதல் சோலை இடுப்பில் கட்டுவது, பட்டியைப் பூட்டி இழுத்துப் பார்ப்பது, இவ்வளவும்தான். ஆள் ஏறும்போது பின் ரயருக்குக் கூடக் காற்று வேணும் என்பது பைக்கின் கையேட்டிலேயே இருக்கு. அந்தக் கையேட்டைப் பிரித்த ஒருவரையும் நான் இன்னும் சந்திக்கவில்லை.

விழுந்துவிட்ட ஒருவரைக் கண்டால் செய்யக்கூடாததையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கட சனம் உதவி செய்வதில் சரியான கெதி. இரண்டு பேர் கையில் இரண்டு பேர் காலில் தூக்கி, வந்த ஓட்டோவில் மடித்துப் போட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவார்கள். கழுத்தில் அடிபட்டிருந்தால் அந்தத் தூக்கலே ஆளை முடக்கிவிடலாம். மூச்சு ஒழுங்காக வருகிறதென்றால் ஹெல்மெட்டை இழுத்துக் கழற்றாதீர்கள். தலையும் கழுத்தும் அசையாமல் ஒருவர் பிடித்துக்கொண்டிருக்க, இன்னொருவர் 1990க்கு எடுக்கலாம். சுவசெரிய அம்புலன்ஸ் 2018இலிருந்து வடக்கிலும் ஓடுகிறது, காசு இல்லை. பின்னால் வருகிற வாகனம் ஏறாமல் ஒருவர் வீதியில் தள்ளி நின்று மறிக்க வேணும், இரவில் போன் லைற்றை அடித்துக்கொண்டு.

எங்கட பட்ச்சில் இப்ப நாலைந்து பெட்டையள் சொந்தமாக ஹெல்மெட் வாங்கியிருக்கிறார்கள். அவர்களிடம் பைக் இல்லை, ஸ்கூட்டி இல்லை, ஓடவும் தெரியாது. யாரின் பின்னால் ஏறினாலும் தங்கட தலைக்கு அளவானதைப் போட்டுக்கொண்டு ஏறுகிறார்கள். முதல் இரண்டு கிழமை பெடியள் "வண்டி எங்க நிக்குது?" என்று பகிடி விட்டார்கள். இப்ப அலுத்துப்போய் விட்டுவிட்டார்கள். பிரச்சினை விரிவுரை மண்டபத்தில்தான். வாங்கிலில் வைத்தால் இடம் பிடிக்குது, நிலத்தில் வைத்தால் உருளுது, நூலகத்துக்குள் கொண்டு போகேலாது. நூலக வாசலில் குடை வைக்க இடம் இருக்கு. அதுக்குப் பக்கத்தில் ஹெல்மெட் வைக்க ஒரு தட்டு அடித்துத் தரச் சொல்லி இந்தக் கிழமை கடிதம் கொடுத்திருக்கிறோம். பலகையும் ஆணியும் தந்தால் நாங்களே அடிக்கிறோம் என்றும் அதில் எழுதியிருக்கு.